நதேஜின் முழுக்கு

சுவிஸின் ஆர்காவ் மாநிலத்தில் சிவகலாவுக்குத் தெரியாமல் ஒரு தமிழர் செத்துப்போக முடியாது. ஆர்காவ் என்ன, அந்தப் பக்கம் சூரிச், இந்தப் பக்கம் சொலத்தூர்ன் வரைக்கும் அவளுடைய ஆட்சிதான். ஒருவர் கண்ணை மூடினால் சொந்தக்காரருக்குப் போன் போவதற்கு முன்னமே பாடன் நகரத்தில் சிவகலாவின் குசினியில் அரிசி ஊறத் தொடங்கிவிடும் என்று அவளுடைய புருஷன் இரவீந்திரன் சொல்லுவார். அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள்தான். ஆனாலும் முழுப்பொய் என்று தள்ளிவிட முடியாது.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. அந்தச் சனம் பட்டினி கிடக்கவும் கூடாது. ஆகவே சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு என்று பெரிய பெரிய சட்டிகளில் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பதை சிவகலா தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். சட்டிகளோடு ரயில் ஏற முடியாது, கார் வேண்டும். சிவகலா லைசென்ஸ் எடுக்கப் போய், பழக்கியவனோடு சண்டை பிடித்துக்கொண்டு பாதியில் இறங்கி வந்தவள். இரவீந்திரனுக்குக் கண்ணில் ஒப்பரேஷன் செய்த பிறகு நெடுஞ்சாலை என்றாலே பயம். மகன் பிருந்தனுக்கு விமான நிலையத்தில் மாறி மாறி வேலை. மிஞ்சியது மருமகள் நதேஜ்.

நதேஜ் ஜெனீவாவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தாய் தகப்பன் கமரூன்காரர். பிசியோதெரபி படித்து, பாடனில் எண்பது வீத வேலை செய்கிறாள், வெள்ளிக்கிழமை லீவு. அவர்கள் இருந்த கட்டடத்தில் குழாய், குளியலறை எல்லாம் உடைத்துப் புதிதாய்ப் போடுகிறார்கள் என்று அந்த மாரிகாலம் முழுக்க மாமன் மாமியோடு வந்து தங்கியிருந்தார்கள். இரவீந்திரனின் சொந்தக்காரருக்கு அவளுடைய பெயர் வாயில் வராது. அவர்கள் அவளை நடேசு என்றுதான் கூப்பிடுவார்கள், அவளும் ஓம் என்று திரும்பிப் பார்ப்பாள்.

கலியாணக் கதை வந்தபோது சிவகலா அழுது சாப்பிடாமல் கிடந்தது உண்மை. இப்போது அவளிடம் போய் மருமகளைப் பற்றி ஒரு சொல் குறைவாகச் சொல்லிப் பாருங்கள், தெரியும். "எங்கடை வயித்திலை பிறந்ததுகள் செய்யாததை எல்லாம் இந்தப் பிள்ளை செய்யுது" என்று அவள் சொல்லாத மண்டபம் இல்லை. அதிலும் அவள் பெருமையாகச் சொல்லுவது, தலை முழுகுகிற விஷயம்.

செத்தவீட்டுக்குப் போய்வந்தால் சிவகலாவின் வீட்டில் சட்டம் ஒன்றுதான். சப்பாத்தை வெளியே கழற்று. எதையும் தொடாதே. நேரே குளியலறைக்குப் போய்த் தலையோடு முழுகு. பிறகுதான் நீ மனிசப் பிறவி. இரவீந்திரன் இந்த முழுக்குக்குப் பயந்தே பல செத்தவீடுகளுக்குக் கால்வலி சொல்லியிருக்கிறார். நதேஜ் ஒருநாளும் முகம் சுழித்ததில்லை. முதல் தடவை மட்டும் பிருந்தனிடம் ஏதோ பிரெஞ்சில் கேட்டாள். அவன், "அம்மான்ரை வழமை. ஒருநாள்தானே, சமாளி" என்றான். அவள் போய் முழுகினாள், தலைமயிரைச் சூடாகக் காற்றடித்துக் காயவைத்தாள், வந்து தேத்தண்ணி போட்டாள். சிவகலாவுக்கு மனம் குளிர்ந்து போனது.

அந்த மடையன் சொன்ன ஒருநாள் ஒருநாளாக நிற்கவில்லை. அந்த மாரி பொல்லாத மாரி. அகதியாய் வந்த காலத்தில் இளந்தாரிகளாய் இருந்தவர்களுக்கெல்லாம் இப்போது வயது போய்விட்டது. பனி கொட்டக் கொட்ட ஒவ்வொருவராய்ப் போனார்கள். கிழமைக்கு ஒரு செத்தவீடு, சில கிழமை இரண்டு. நதேஜ் கார் ஓடினாள், சட்டி தூக்கினாள், வந்து முழுகினாள். இடையில் விளக்கு வைக்கிற வெள்ளிக்கிழமை முழுக்கு வேறு.

தை முடியும் நேரத்தில் சிவகலா ஒன்றைக் கவனித்தாள். குளிக்கிற தொட்டியில் மயிர் கிடந்தது. தலையணையில் கிடந்தது. நதேஜின் கறுப்புக் கோட்டின் தோளில் கிடந்தது. வேரோடு விழுந்த நீட்டு மயிர் இல்லை, விரல் நீளத்தில் முறிந்த துண்டுகள். தோளைத் தொட்டு மினுங்கிக்கொண்டிருந்த தலைமயிர் பிடரிப் பக்கத்தில் எலி கடித்த மாதிரி ஆகியிருந்தது. நதேஜ் அதைக் கொண்டை போட்டு மறைத்தாள். சிவகலாவின் கண்ணுக்கு எது மறையும்?

அவளுக்குக் காரணமும் உடனே விளங்கிவிட்டது. கண்ணூறு. வேறென்ன? போகிற மண்டபமெல்லாம், "எட, நடேசுவின்ரை தலைமயிரைப் பாருங்கோவன்" என்று ஒவ்வொருத்தியும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாளே. அந்தக் கண்ணெல்லாம் சும்மா விடுமோ?

அடுத்த நாள் பின்னேரம் மருமகளைக் கதிரையில் இருத்தி, உப்பும் கடுகும் செத்தல் மிளகாயும் கைநிறைய எடுத்துத் தலையைச் சுற்றி, அடுப்பில் காய்ந்த தாச்சியில் போட்டாள். புகை கிளம்பியது. கிளம்பிய புகை மேலே போய்ப் புகை மணியில் முட்டியது. கட்டடமே அலறத் தொடங்கியது. மேல்மாடிக் கிழவி நாயைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் இறங்கி ஓடினாள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற அப்வார்ட் தீயணைக்கும் குழாயோடு வந்து கதவைத் தட்டினார். இரவீந்திரன் இருமிக்கொண்டே போய், மனுசி பொரியல் கருக்கிவிட்டாள் என்று ஜெர்மனில் சொல்லி அனுப்பினார். நதேஜ் கண்ணீர் வரச் சிரித்தாள், மிளகாய்ப் புகையிலும் கண்ணீர் வந்தது.

"இவ்வளவு கமறினது எண்டால் எவ்வளவு கண்ணூறு இருந்திருக்கும் பார்" என்றாள் சிவகலா. இனிமேல் எல்லாம் சரிவரும் என்று நம்பினாள்.

சரிவரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் இரண்டாவது வைத்தியத்தில் இறங்கினாள். தேங்காயெண்ணெயை வெந்தயம் போட்டுக் காய்ச்சி, முழுகிவிட்டு ஈரத்தலையோடு வந்த நதேஜைப் பிடித்து முன்னால் இருத்தினாள். நதேஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ சும்மா இரு பிள்ளை, எனக்குத் தெரியும்" என்று சிவகலா உச்சியில் எண்ணெயை ஊற்றித் தேய்த்தாள். பிறகு தன்னுடைய பல்லு நெருங்கிய சீப்பை எடுத்து, நெற்றியிலிருந்து பின்னுக்கு, தன் தலைக்கு இழுப்பதுபோல ஒரே இழுவையாய் இழுத்தாள்.

சடக் என்று ஒரு சத்தம். சீப்பு பாதி வழியில் நின்றது. அதை வெளியே எடுத்தபோது அதன் பல்லுக்குள் ஒரு கொத்து மயிர் இருந்தது.

நதேஜ் திரும்பிப் பார்த்தாள். சீப்பைப் பார்த்தாள். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் பிருந்தன் வெளியே வந்தான். முகம் சிவந்திருந்தது.

"அம்மா, அவவின்ரை தலைமயிர் எங்கடை மாதிரி இல்லை. அது பிறப்பிலை சுருள். ரிலாக்ஸர் எண்டு ஒரு களிம்பு பூசி நேராக்கிறவ. அந்தக் களிம்பு போட்ட மயிர் நொய்ஞ்ச மயிர். அடிக்கடி கழுவக்கூடாது, கழுவினால் காஞ்சு முறியும். ஈரத்திலை இழுத்தால் இன்னும் முறியும். இந்த மாரிக்குள்ளை எத்தினை தரம் முழுகிப்போட்டா தெரியுமோ? உங்கடை செத்தவீடுகளாலைதான் இவ்வளவும்."

சீப்பு இன்னும் சிவகலாவின் கையில் இருந்தது.

"உனக்குத் தெரியுமோ முந்தியே?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ வாயை மூடிக்கொண்டு இருந்தனி? நீயெல்லாம் ஒரு புருசன்."

"சொல்லக்கூடாது எண்டு அவதான் சத்தியம் வாங்கினவ."

சிவகலா அவனை விலத்திக்கொண்டு போய் அறைக் கதவைத் தட்டினாள். நதேஜ் கட்டிலில் இருந்தாள். அழுதிருந்தாள், அதை மறைக்கவும் இல்லை.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை? நான் என்ன பேயோ, உன்னைக் கடிச்சுத் தின்னவோ?" என்று சிவகலா கேட்டாள். அன்பாகக் கேட்க நினைத்ததுதான். வாயில் வந்தபோது சண்டையாக வந்தது.

நதேஜ் பிருந்தனிடம் படித்த தமிழில் மெதுவாகச் சொன்னாள். "இது உங்கடை வீடு, மாமி. உங்கடை வழமை. நான் முழுகாட்டில் ஆக்கள் உங்களைக் கதைப்பினம். நீங்கள் என்னைப் பற்றி எல்லாருக்கும் நல்லாய்ச் சொல்லிப்போட்டியள். அதை நான் எப்பிடி உடைக்கிறது?"

ஊரெல்லாம் கொண்டுதிரிந்த தன் பெருமைதான் இந்தப் பிள்ளையின் தலையைத் தின்றிருக்கிறது என்று சிவகலாவுக்கு விளங்கியது. வெட்கமாய் இருந்தது. வெட்கம் வந்தால் அவளுக்குக் கோபமும் வரும். நல்லகாலம், கோபப்பட வெளியே மகன் நின்றான்.

அன்றைக்குப் பின்னேரம் நதேஜ் மாமியாருக்கு எல்லாவற்றையும் காட்டினாள். எண்ணெய் உச்சியில் இல்லை, நுனியில், அதுவும் துளி. சீப்பு என்றால் பல்லு அகன்ற சீப்பு. நுனியிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாய் மேலே ஏற வேண்டும், உச்சியில் தொடங்கினால் தொலைந்தது. படுக்கும்போது வழுவழுத்த துணியால் தலையைக் கட்ட வேண்டும், பருத்தித் தலையணை ஈரப்பசையை எல்லாம் குடித்துவிடும். காற்றடிக்கிற மெஷினைக் கண்டபடி சூடாக்கக்கூடாது. முளைத்துவருகிற சுருள் மயிரும் பழைய நேர் மயிரும் சந்திக்கிற இடம்தான் எல்லாவற்றிலும் பலவீனம், அங்கேதான் முறியும். அதற்காகத்தான் முளைத்த பகுதிக்கு மட்டும் புதிதாய்க் களிம்பு பூச வேண்டும். ஆனால் முறிவு நிற்கும்வரை களிம்புக்குக் கை வைக்கவே கூடாது.

"பிறகு பூசேக்கை, அதுக்கு முன்னாலை நாலைஞ்சு நாள் தலையிலை தண்ணி படக்கூடாது மாமி. சொறியவும் கூடாது. கழுவின தோலிலை அந்த மருந்து பட்டால் நெருப்பு மாதிரி எரியும், புண்ணாகும்."

"பட்டால் நான் பார்த்துக்கொண்டு இருப்பனோ?" என்றாள் சிவகலா.

அதன்பிறகு அந்த வீட்டில் புதுச்சட்டம் வந்தது. குளியலறையில் நதேஜின் மாவு மாதிரியான பூச்சுகளுக்கு ஒரு தட்டு ஒதுக்கப்பட்டது. இரவீந்திரன் அதில் ஒன்றை ஷாம்பூ என்று நினைத்துத் தன் நாலு மயிருக்கும் போட்டுவிட்டு நன்றாய் வாங்கிக் கட்டிக்கொண்டார். நதேஜைச் செத்தவீடுகளுக்குக் கூட்டிப்போகாமல், சட்டிகளைக் கொண்டுபோக சிவகலா கடைக்கார மரியதாஸின் வான் வண்டியைப் பிடித்தாள். நதேஜ் நுனிகளை வெட்டினாள். மாசி போனது, பங்குனி வந்தது. தொட்டியில் மயிர் கிடப்பது நின்றது. சிவகலா தினமும் குனிந்து பார்த்தாள், ஒன்றும் இல்லை என்று கண்டால் அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம்.

களிம்பு பூச ஒரு சனிக்கிழமை குறிக்கப்பட்டது. பிருந்தன் லீவு போட்டான், பின்பக்கத்துக்குப் பூசுவது அவன் வேலை. நெற்றி ஓரத்திலும் காதிலும் மருந்து படாமல் வசலின் தடவுவது தன் வேலை என்று சிவகலா கேட்டு வாங்கிக்கொண்டாள். அதுவரை ஒருவரையும் கூப்பிடாதே என்று பிள்ளையாரிடமும் சொல்லி வைத்தாள்.

பிள்ளையார் கேட்கவில்லை. அந்தக் கிழமையே பத்மராணி அக்கா போய்விட்டார்.

பத்மராணி அக்கா வேறு. சிவகலா கைக்குழந்தையோடு இந்த நாட்டுக்கு வந்து அகதி முகாமில் பேய் அறைந்தவள்போல இருந்த காலத்தில், பக்கத்துக் கட்டிலில் இருந்து பிருந்தனைத் தூக்கி வைத்துக்கொண்டவர் அவர். பிருந்தன் நதேஜைக் கட்டப்போகிறேன் என்றபோது சிவகலாவைப் பிடித்து இருத்தி, "அழுகிறதை நிப்பாட்டிப்போட்டு அந்தப் பிள்ளையை ஒருக்கால் வந்து பார்" என்று சொன்னவரும் அவர்தான். வெள்ளிக்கிழமை சூரிச்சில் எரிப்பு. அடுத்த நாள் சனி.

"நீ வரவேண்டாம் பிள்ளை" என்றாள் சிவகலா. "நான் மரியதாஸோடை போறன்."

"நான் வருவன்" என்றாள் நதேஜ். "எனக்கு முதல் முதல் சேலை கட்டிவிட்டது அவதான். நான் வராமல் இருக்கேலாது."

"அப்ப வா. ஆனால் திரும்பி வந்து தலையிலை ஒரு சொட்டுத் தண்ணி வைக்கப்படாது. நான் சொல்லுறன்."

நதேஜ் தலையாட்டினாள். எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும், இரவீந்திரனின் தமக்கை இராசலோசனி இல்லாவிட்டால். லண்டனிலிருந்து சுவிஸுக்கு வந்து உறவுக்காரர் வீடுகளை ஒவ்வொன்றாய்ச் சுற்றிக்கொண்டிருந்த மனுசி, மண்டபத்தில் சிவகலாவைக் கண்டதும், "மச்சாள், இண்டைக்கு உங்களோடைதான் தங்கல்" என்று காரில் ஏறிவிட்டார். பிருந்தனின் கலியாணத்துக்கு வராமல் நின்றவர். கண்ட குற்றத்தை ஆற அமரச் சேர்த்துவைத்து, அடுத்த கலியாண வீட்டில் ஆறுதலாய் அவிழ்ப்பவர். அவருடைய வாயில் விழுந்தவர் எழும்புவது கஷ்டம்.

நதேஜ் மண்டபத்தில் நிறைய அழுதிருந்தாள். கார் ஓடும்போதும் இடைக்கிடை கண்ணைத் துடைத்தாள். வீட்டு வாசலில் எல்லோரும் சப்பாத்தைக் கழற்றினார்கள். இராசலோசனி படியில் நின்றபடியே, "முதலிலை ஆர் முழுகிறது? இந்தப் பிள்ளையும் முழுகிறதோ, இல்லாட்டி அவையளுக்கு இதெல்லாம் இல்லையோ?" என்று கேட்டார்.

இரவீந்திரன் தன் சப்பாத்தை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நதேஜ் மாமியாரை ஒருமுறை பார்த்தாள். "நான் முழுகிறனான், பெரியமாமி" என்று சொல்லிவிட்டுத் துவாயைக் கேட்டுக் கை நீட்டினாள். சனிக்கிழமையைத் தள்ளிப் போடலாம், முறிந்தால் முறிந்துவிட்டுப் போகட்டும், மாமியின் பெயர் நிற்கட்டும் என்று அவள் நினைத்தது அந்த முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. இரண்டு மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்தது. சிவகலாவுக்கு அந்த நேரம் வந்த கோபம் யார்மேல் என்று அவளுக்கே தெரியாது.

"தள்ளு" என்றாள். நதேஜை விலத்திக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள்.

தண்ணி விழுகிற சத்தம் கேட்டது. நின்றது. எல்லோரும் கதவு திறக்கும் என்று பார்த்தார்கள். திறக்கவில்லை. மறுபடி தண்ணி விழத் தொடங்கியது. இந்த முறை நெடுநேரம் விழுந்தது.

"இஞ்சாரும், உயிரோடை இருக்கிறீரோ?" என்று இரவீந்திரன் வெளியே நின்று கேட்டார்.

கதவு திறந்தது. சிவகலா ஈரத்தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, குளிரில் பல்லுக் கிட்டி நின்றாள். கண் சிவந்திருந்தது.

"முதல் முழுகினது எனக்கு. ரெண்டாவது நதேஜுக்கு. அவள் முழுகியாச்சு, இனி உள்ளை போகலாம்" என்றாள்.

இராசலோசனிக்குக் கதை விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "என்ன கூத்து இது? ஒருத்தருக்காக இன்னொருத்தர் எப்பிடி முழுகிறது?"

"ஏன், உங்கடை மகன் பாஸ் பண்ண வேணும் எண்டு நீங்கள் விரதம் இருக்கேல்லையோ? சோதினை எழுதினது அவன், பட்டினி கிடந்தது நீங்கள்தானே. உங்கடை தம்பிக்கு ஒப்பரேஷன் எண்டு நான் நல்லூரானுக்கு நேத்தி வைக்கேல்லையோ? நல்லூரான் அதை ஏற்றுக்கொண்டவர்தானே? பிள்ளைக்காகத் தாய் முழுகினால் மட்டும் பத்மராணி அக்கா கோவிப்பாவோ?"

நதேஜ் அசையாமல் நின்றாள். உள்ளே காலெடுத்து வைக்கலாமா என்று அவளுக்கு இன்னும் நிச்சயமில்லை. பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"என்ரை முழுக்கு ஏன் மாமி அவ்வளவு நேரம்?"

"நீ என்னிலும் பார்க்கக் கூட அழுதனி. கழுவ நேரமெடுக்கும்தானே" என்றாள் சிவகலா. "நிண்டு பாராதை. போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலை வை, எனக்குக் குளிருது."

நதேஜ் வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். வந்தவள் குசினிக்குப் போகவில்லை. நனைந்த சட்டையோடு நின்ற சிவகலாவை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டாள். சிவகலா, "விடு பிள்ளை, உன்ரை தலையிலை ஈரம் படப்போகுது" என்று தன் தலையைத் தூரமாய்ச் சரித்து வைத்துக்கொண்டு, கையால் மட்டும் அவளை இறுக்கிப் பிடித்தாள்.

இராசலோசனி தொண்டையைச் செருமினார். குரல் இப்போது நன்றாக இறங்கியிருந்தது.

"மச்சாள், எனக்கும் இந்தக் குளிருக்குப் பீனிசம் கண்டியோ. போன கையோடை எனக்கும் ஒண்டு முழுகியிருக்கலாம்."

"உங்கடை தலைமயிர் முறியாது மச்சாள்" என்றாள் சிவகலா, நதேஜின் தோளுக்கு மேலால். "போய் முழுகுங்கோ. தண்ணி நல்லாய்ச் சுடுது."